இறுகிய நட்டும் இரண்டு நாள் பொறுமையும்

கார் எஞ்சின் பற்றிய கட்டுரை எமக்கு எதற்கு என்று இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே. கணவரை, மகனை, தகப்பனை இழந்த எத்தனையோ வீடுகளில் இன்று ஓர் எஞ்சின்தான் சோறு போடுகிறது. அது ஓட்டோவாக இருக்கலாம். தோட்டத்துக்கு நீர் இறைக்கும் பம்பாக, மாவரைக்கும் மெசினாக, வாடகைக்கு ஓடும் பழைய காராக இருக்கலாம். அது நின்றுவிட்டால் அடுப்பும் நின்றுவிடுகிறது. திருத்துபவர் சொல்லும் தொகை நியாயமானதா என்று கேட்க எமக்கு வாய் வருவதில்லை. என்ன பழுது, ஏன் பழுது என்று தெரியாததே அதற்குக் காரணம்.

நான் பொகவந்தலாவையில் ஒரு சிறிய கராஜில் வேலை செய்கிறேன். அப்பா பிறந்தது இங்குள்ள ஒரு தோட்ட லயத்தில். 1977 ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பின் மலையகத்தை விட்டு வன்னிக்குப் போன குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. நான் பிறந்து வளர்ந்தது கிளிநொச்சிப் பக்கம். 2009 இல் கணவரை இழந்தேன். இரண்டு பிள்ளைகளுடன் மெனிக் பாம் முகாமில் இருந்துவிட்டு, 2010 இல் அம்மாவின் தம்பியான மாமாவிடம் இங்கு வந்து சேர்ந்தேன். கராஜ் அவருடையது.

எஞ்சினை நான் பழகியது வன்னியில்தான். 1990 களில் வடக்குக்குப் பெற்றோலும் டீசலும் வராமல் தடுக்கப்பட்டிருந்த காலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். சில துளி பெற்றோலில் எஞ்சினைக் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினோம். நீர்ப்பம்பும் அப்படி, மோட்டார் சைக்கிளும் அப்படி, பழைய சோமசெற் காரும் அப்படி. அப்பா பம்புகளைத் திருத்துவார். நான் பக்கத்தில் இருந்து ஸ்பானர் எடுத்துக் கொடுப்பேன். அந்தப் பழக்கம் இன்று என் பிள்ளைகளுக்குச் சாப்பாடு தருகிறது.

இந்தக் கட்டுரையில் ஒரேயொரு வேலையைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். ஒரு காரின் பெற்றோல் பம்பை மாற்றும்போது இறுகிப்போன நட்டை உடைக்காமல் எப்படிக் கழற்றுவது என்பதே அது. இந்த முறை காருக்கு மட்டுமல்ல, நீர்ப்பம்புக்கும் தையல் மெசினுக்கும் பொருந்தும்.

மலை ஏற்றத்தில் நின்ற கார்

ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாக எங்கள் ஊருக்கு வர வேண்டும். தேயிலையின் பொன் பள்ளத்தாக்கு என்று இவ்வூரைச் சொல்வார்கள். பாதை முழுவதும் வளைவும் ஏற்றமும்தான். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை ஓயாது. மழை விட்டாலும் பனிமூட்டம் விடாது. இரும்புக்கு இதைவிடக் கெட்ட ஊர் கிடையாது.

2022 ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டில் நாடே வரிசையில் நின்றது. அந்த ஜூன் மாதம் ஒரு லீற்றர் 92 ஒக்டேன் பெற்றோல் 470 ரூபாவாகியது. பிறகு கியூ.ஆர். அட்டைக்குத்தான் பெற்றோல் என்றானது. எங்கள் ஊர் அக்கா ஒருவரின் வாடகைக் கார் அப்போது பல வாரங்கள் மழையில் நின்றது. அவரும் கணவரை இழந்தவர். 1970 களில் செய்த பழைய ஜப்பான் கார் அது. தம்பி முறையான ஒருவர் ஓட்டுவார், வருகிற வாடகையில் வீடு நடக்கும். நோயாளிகளை டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதுதான் பெரும்பாலும் அதன் வேலை.

வருடக் கடைசியில் அந்தக் கார் ஏற்றத்தில் மூச்சு வாங்கத் தொடங்கியது. சமதரையில் ஓடும், ஏற்றம் வந்தால் இழுத்து இழுத்து நின்றுவிடும். அக்கா முதலில் வேறோர் இடத்தில் காட்டியிருக்கிறார். அங்கே பெற்றோல் பம்பைக் கழற்றப் பார்த்து, நட்டு அசையாததால் கைவிட்டு, "எஞ்சினையே இறக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டார்கள். கேட்ட தொகை அவருடைய இரண்டு மாத வருமானம். ஒரு திங்கட்கிழமை காரை எங்களிடம் தள்ளிக்கொண்டு வந்தார்.

"தங்கச்சி, புதன்கிழமை ஒரு புள்ளத்தாச்சிய கிளினிக்குக் கூட்டிக்கிட்டுப் போவணும். அதுக்குள்ள முடியுமா?"

"பாக்கலாங்கக்கா. ஒடையாம கழட்டணும், அதுக்குத்தான் நேரம் கேக்குறேன்" என்றேன்.

பம்ப் எப்படி வேலை செய்கிறது?

பழைய கார்களில் பெற்றோல் தாங்கி பின்னால் இருக்கும், எஞ்சின் முன்னால் இருக்கும். பெற்றோலைப் பின்னாலிருந்து இழுத்து காபரேட்டருக்குக் கொடுப்பதுதான் பம்பின் வேலை. மொரிஸ் மைனர் காரில் இது மின்சாரத்தில் இயங்கும். சாவியைத் திருப்பியதும் டிக் டிக் என்று சத்தம் கேட்கும். வேறு பல பழைய கார்களில் பம்ப் எஞ்சினின் பக்கவாட்டில் இரண்டு நட்டுகளால் பொருத்தப்பட்டிருக்கும். எஞ்சினுக்குள் சுழலும் கேம் தண்டு, பம்பின் கை போன்ற நெம்பைத் தள்ளும். நெம்பு, உள்ளேயுள்ள இறப்பர் சவ்வைக் கீழே இழுக்கும். அப்போது பெற்றோல் உள்ளே வரும். பிறகு ஸ்பிரிங் சவ்வை மேலே தள்ள, பெற்றோல் காபரேட்டருக்குப் போகும். ஒரு பக்கம் வரவிடவும், மறுபக்கம் போகவிடவும் இரண்டு சிறிய வால்வுகள் உண்டு.

கார் ஏற்றத்தில் ஏறும்போது பின்னாலுள்ள தாங்கி பம்பை விடத் தாழ்ந்துவிடுகிறது. எஞ்சினுக்கும் அப்போதுதான் அதிகப் பெற்றோல் தேவை. எனவே சவ்வு தளர்ந்த பம்ப் சமதரையில் சமாளித்துவிடும், மலையில் தோற்றுவிடும். ஆனால் உடனே பம்பைக் குறை சொல்லக்கூடாது. தாங்கி மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறதா, வடிகட்டியில் துரு சேர்ந்திருக்கிறதா, இறப்பர்க் குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இவை அதிகச் செலவில்லாத பழுதுகள். பம்புக்குக் காசு கொடுக்கும் முன் இம்மூன்றையும் பார்த்தாயிற்றா என்று கேட்பது உங்கள் உரிமை.

அக்காவின் காரில் இம்மூன்றும் சரி. எஞ்சின் எண்ணெயைப் பார்க்கும் கம்பியை இழுத்து முகர்ந்தேன். பெற்றோல் வாடை வந்தது. எண்ணெயின் மட்டமும் இருக்க வேண்டியதற்கு மேல் நின்றது. சவ்வு கிழிந்து பெற்றோல் எஞ்சினுக்குள் ஒழுகுகிறது என்பதற்கு அதுவே சான்று. இந்த நிலையில் காரை ஓட்டக் கூடாது. பெற்றோல் கலந்த எண்ணெய் தண்ணீர் போலாகி, உள்ளேயுள்ள பெயரிங்குகளைத் தின்றுவிடும்.

ஏன் இறுகுகிறது?

இரும்பு துருப்பிடிக்கும்போது அதன் பருமன் கூடுகிறது. நட்டுக்கும் ஸ்டட்டுக்கும் இடையிலுள்ள மரை இடுக்கில் துரு வளர்ந்து, ஆப்பு அடித்தது போல் நெருக்கிவிடும். பம்பின் உடல் அலுமினியம், ஸ்டட் இரும்பு. இரு வேறு உலோகங்கள் ஈரத்தில் ஒட்டியிருந்தால் அரிப்பு இன்னும் விரைவாகும். அதன்மேல் பழைய எண்ணெயும் தூசியும் சூட்டில் வெந்து பசையாக ஒட்டியிருக்கும்.

இந்த நட்டைப் பலம் கொண்டு திருகினால் என்ன நடக்கும்? நட்டு கழறாது, ஸ்டட் முறியும். முறிந்த துண்டு எஞ்சினின் உடலுக்குள் நிற்கும். அதைத் துளைபோட்டு எடுக்க வேண்டும். துளை கோணினால் மரையும் போய்விடும். சில ரூபா பெறுமதியான நட்டுக்காக எஞ்சினையே இறக்கும் நிலை அப்படித்தான் வருகிறது. போனால் போகட்டும் என்று விடக்கூடியது நட்டு. காப்பாற்ற வேண்டியது ஸ்டட். இந்த ஒன்றை மனதில் வைத்தால் மற்ற எல்லாம் தெளிவாகும்.

நாங்கள் செய்தது

முதலில் எஞ்சினை ஆறவிட்டோம். பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றினோம். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது. தரையோடு தங்கி, தூரத்திலுள்ள நெருப்பையும் பிடிக்கும். எனவே சிகரெட், குப்பி விளக்கு, அடுப்பு எதுவும் அருகில் இருக்கக் கூடாது. ஒரு வாளி மணலைப் பக்கத்தில் வைத்தேன்.

இறப்பர்க் குழாயைக் கழற்றி, பெற்றோல் ஒழுகாமல் அதன் வாயை ஒரு போல்ட்டால் அடைத்தேன். மறுபக்கம் செம்புக் குழாய். அதன் நட்டைக் கழற்றும்போது இரண்டு ஸ்பானர் வேண்டும். ஒன்றால் பம்பின் பக்கத்தை அசையாமல் பிடித்து, மற்றதால் குழாய் நட்டைத் திருப்ப வேண்டும். ஒரு ஸ்பானரால் திருப்பினால் குழாயும் சேர்ந்து முறுகி உடையும்.

அடுத்து பம்பைப் பிடித்திருக்கும் இரண்டு நட்டுகள். கம்பித் தூரிகையால் அழுக்கையும் துருவையும் நன்றாகத் துடைத்தோம். அழுக்கு இருந்தால் ஸ்பானர் முழுதாக உட்காராது, மூலை மழுங்கிவிடும். பின்பு துரு இளக்கும் எண்ணெயை மரை தெரியும் இடத்தில் விட்டோம். டபிள்யூ.டி. 40 போன்றவை கடையில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் டீசலோ, மண்ணெண்ணெயில் கொஞ்சம் எஞ்சின் எண்ணெய் கலந்ததோ உதவும். நேரம் மட்டும் கூடுதலாக எடுக்கும். ஸ்டட்டின் தலையில் சிறு சுத்தியலால் மெதுவாகத் தட்டினோம். அந்த அதிர்வில் துருவில் மயிரிழை போன்ற வெடிப்புகள் விழும், எண்ணெய் உள்ளே இறங்கும்.

"எண்ணெய ஊத்திட்டு நாளைக்குப் பாரு புள்ள. இன்னிக்கு அதத் தொடாத" என்றார் மாமா.

"அக்கா புதன்கிழம கேக்குறாங்க மாமா."

"அதுக்குத்தான் சொல்றேன். இன்னிக்கு ஒடைச்சா அடுத்த மாசம்தான்."

இரவு படுக்கப் போகுமுன் ஒருமுறையும் விடியற்காலையில் ஒருமுறையும் மீண்டும் எண்ணெய் விட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலையில், நட்டை முழுதாகக் கவ்வும் வளைய ஸ்பானரைப் போட்டேன். வாய் திறந்த ஸ்பானரும், திருகிச் சரிசெய்யும் ஸ்பானரும் இந்த வேலைக்கு ஆகாது. நேரே கழற்றப் பார்க்காமல், முதலில் ஒரு நூலளவு இறுக்கும் பக்கம் அழுத்தினேன். பிறகு கழற்றும் பக்கம். மீண்டும் இறுக்கும் பக்கம். 'கிறீச்' என்று ஒரு சத்தம் வந்து முன்பக்க நட்டு அசைந்தது. கால் சுற்றுக் கழற்றி, அரைக்கால் சுற்று இறுக்கி, எண்ணெய் விட்டு, இப்படியே வெளியே எடுத்தேன்.

இந்த இடத்தில் கைக்கு ஒரு பாடம் உண்டு. கழறும் நட்டு திடீரென விடும், பிறகு உராய்ந்துகொண்டு வரும். முறியப் போகும் ஸ்டட் அப்படியல்ல. சத்தமில்லாமல், மெழுகு போல இளகிக்கொண்டு வரும். அப்படி உணர்ந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். ஸ்பானரில் நீளக் குழாய் செருகித் திருகினால் இந்த உணர்வு கைக்குத் தெரியாது. பலசாலிகள் அதிகமாக ஸ்டட் முறிப்பதற்கும் காரணம் இதுதான். பலம் குறைந்த கை இந்த வேலைக்குக் குறைபாடு அல்ல.

பின்பக்க நட்டின் மூலைகள் முன்பே மழுங்கிப் போயிருந்தன. ஸ்பானர் பிடிக்கவில்லை. அடுத்த வழி சூடு. சூட்டில் நட்டு சற்று விரிந்து பிடியை விடும். ஆனால் பெற்றோல் பம்பின் அருகில் காஸ் விளக்கைக் கொண்டுபோவது தற்கொலைக்குச் சமம். நாங்கள் கொதிநீரில் துணியை நனைத்து நட்டின்மேல் பலமுறை சுற்றி வைத்தோம். அப்போதும் அசையவில்லை. எனவே நட்டையே விட்டுக்கொடுத்தோம். சிந்திய பெற்றோலை எல்லாம் துடைத்து உலர்த்தி, ஹெக்சோ அலகின் ஒரு முனையைத் துணியால் சுற்றிப் பிடித்து, நட்டின் ஒரு பக்கத்தில் மெதுவாக அறுத்தேன். மரையைத் தொடும் முன் நிறுத்தினேன். அந்தப் பிளவில் உளியை வைத்து மாமா ஒரு தட்டுத் தட்ட, நட்டு பிளந்து விரிந்தது. ஸ்டட்டுக்கு ஒரு கீறல் இல்லை.

துரு இல்லாத இறுக்கம்

இரண்டு நட்டும் போய்விட்டன. ஆனாலும் பம்ப் வரவில்லை! இந்தக் கட்டத்தில்தான் பலர் ஸ்குரூ டிரைவரை இடையில் விட்டு நெம்புவார்கள். அலுமினியம் பள்ளம் விழும். பிறகு எத்தனை கேஸ்கட் போட்டாலும் எண்ணெய் கசியும்.

காரணம் வேறு. கேம் தண்டில் ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் தாழ்வு. மேடு பம்பின் நெம்பைத் தள்ளிக்கொண்டு நின்றால், உள்ளேயுள்ள ஸ்பிரிங்கின் விசையில் பம்ப் கோணலாகி ஸ்டட்டில் சிக்கும். இதற்கு எண்ணெயும் சுத்தியலும் உதவாது. எஞ்சினைக் கையால் சுற்ற வேண்டும். கியரை நியூட்ரலில் விட்டு, பிளக்குகளைக் கழற்றிவிட்டு, முன்னாலுள்ள கிராங் புல்லியின் நட்டில் ஸ்பானரைப் போட்டு, எஞ்சின் வழமையாகச் சுழலும் திசையில் திருப்பினேன். கிராங் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் கேம் அரைச் சுற்றுச் சுற்றும். மேட்டில் இருந்தது தாழ்வுக்கு வந்துவிடும். வந்தது. ஒரு மரக்கட்டையால் பம்பின் பக்கத்தில் இரண்டு தட்டுத் தட்ட, பழைய கேஸ்கட் விட்டுக்கொடுத்தது. நெம்பு உள்ளே மாட்டாமல் பம்பைச் சற்றுச் சாய்த்து வெளியே எடுத்தேன்.

இறுகியிருப்பதெல்லாம் துரு அல்ல, சகோதரிகளே. எதனால் இறுகியிருக்கிறது என்று முதலில் கேட்டு, பிறகுதான் கருவியை எடுக்க வேண்டும்.

மாட்டும்போது கவனம்

பழைய பம்பையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, நெம்பின் நீளமும் வளைவும் ஒன்றா என்று பார்த்தேன். பெற்றோல் உள்ளே வரும் வாயை விரலால் மூடி, நெம்பை அழுத்திப் பார்த்தால் விரலை உறிஞ்சுவது தெரிய வேண்டும். கடையில் வாங்கும்போதே இதைச் செய்து பார்க்கலாம். 2020 இல் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. பழைய கார்களைப் பழைய சாமான்களாலேயே ஓட்டப் பழகிவிட்டோம். எனவே பாவித்த பம்பை வாங்குபவர்களுக்கு இந்தச் சோதனை மிக அவசியம்.

எஞ்சினிலுள்ள ஓட்டையில் ஒரு துணியை அடைத்துவிட்டுத்தான் பழைய கேஸ்கட்டைச் சுரண்ட வேண்டும். துண்டுகள் உள்ளே விழக்கூடாது. பம்புக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள தடித்த தட்டை எறிந்துவிடாதீர்கள். அது சூட்டைத் தடுக்கிறது. அதன் தடிப்பு மாறினால் நெம்பின் ஓட்டமும் மாறும். ஸ்டட்டில் கொஞ்சம் கிறீஸ் பூசி, இரண்டு நட்டையும் மாறி மாறிச் சமமாக இறுக்கினேன். குழாய் நட்டுகளை முதலில் விரலாலேயே திருப்ப வேண்டும், ஸ்பானர் பிறகுதான். பெற்றோல் கலந்த எஞ்சின் எண்ணெயை வடித்துப் புது எண்ணெய் ஊற்றினேன். எஞ்சினை ஓடவிட்டு, ஒழுக்கு இருக்கிறதா என்று காய்ந்த துணியால் துடைத்துப் பார்த்தேன். இல்லை. புதன்கிழமை காலையில் கார் கிளினிக்குக்குப் போய்வந்தது. அக்கா கொடுத்த கூலி நியாயமான கூலி.

கையிலுள்ள தொழிலுக்குச் சான்றிதழ்

பொம்பிளைக்கு எஞ்சின் வேலை எதற்கு என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. 1954 இல் இலங்கைக்கு வந்துபோன எலிசபெத் மகாராணி, 1945 இல் இளவரசியாக இருந்தபோது இராணுவப் பெண்கள் படையில் சேர்ந்து, வாகனம் ஓட்டவும் எஞ்சின் திருத்தவும் பயின்றவர். போர்க்காலத்தில் வேலைக்கு ஆள் தேவைப்பட்டபோது பெண்ணின் கை போதுமானதாக இருந்திருக்கிறது.

எங்களில் பலர் தகப்பனிடமோ கணவரிடமோ பார்த்துப் பழகிய தொழிலைக் கையில் வைத்திருக்கிறோம். கடதாசிதான் இல்லை. அதற்கும் ஒரு வழி உண்டு. தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை, வகுப்புக்குப் போகாமல் அனுபவத்தால் தொழில் கற்றவர்களையும் பரீட்சித்து, என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் வழங்குகிறது. செய்த வேலைகளுக்கான ஆதாரங்களைக் காட்ட வேண்டும். மதிப்பீட்டாளர் முன்னிலையில் வேலையைச் செய்து காட்ட வேண்டும். எனவே செய்கிற ஒவ்வொரு வேலையையும் திகதியுடன் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். முடிந்தால் படமும் எடுத்து வையுங்கள். மோட்டார் திருத்தம் மட்டுமல்ல, தையல், கேக் செய்தல், அலங்காரம் போன்ற தொழில்களுக்கும் இச்சான்றிதழ் உண்டு. உங்கள் பிரதேச செயலகத்தில் விசாரித்தால் அருகிலுள்ள அலுவலகத்தைச் சொல்வார்கள்.

வீட்டில் ஓர் எஞ்சின் இருப்பவர்கள் ஒரு வளைய ஸ்பானர் செட், ஒரு கம்பித் தூரிகை, ஒரு சிறு சுத்தியல், ஒரு போத்தல் துரு இளக்கும் எண்ணெய் ஆகியவற்றை வாங்கி வையுங்கள். எல்லாவற்றையும் நாமே திருத்த வேண்டும் என்பதில்லை. ஆனால் எங்கே இறுகியிருக்கிறது, ஏன் இறுகியிருக்கிறது என்று கேட்கத் தெரிந்த பெண்ணை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது.